ஃபைட்டர் மீனுக்குப் பாட்டில் போதுமாம்!

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விருந்து. கேக் வெட்டி முடிந்ததும் வாசலில் மேசை போட்டுப் பிள்ளைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்தார்கள். ஐஸ்கிரீம் கப் அளவில் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஆளுக்கொரு ஃபைட்டர் மீன். விரித்தால் உடம்பைவிடப் பெரிதாகத் தெரியும் வால் அதற்கு. விரிக்க இடமில்லாமல் துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தது. எப்படி வளர்ப்பது என்று ஒரு அம்மா கேட்டார். "ஃபைட்டர்தானேங்க, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். மேல வந்து காத்து குடிச்சுக்கும், சாகவே சாகாது" என்றார் விருந்து வைத்தவர். சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பொய் எங்கே பிறந்தது என்பதும் தெரிந்ததுதான். சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் போனால் ஃபைட்டர் மீன்களை வரிசையாகப் பாட்டில்களில் வைத்திருப்பார்கள். இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்பதால், விற்கும்வரை தனித்தனியாக வைக்கும் ஏற்பாடு அது. கடைக்காரர் நாலு நாளைக்குச் செய்த வசதியை நாம் ஆயுள் முழுக்க அதன் வீடு என்று எடுத்துக்கொண்டோம். கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "காட்டுல அது சேத்துக் குட்டையிலதான் சார் இருக்கும்."

அந்தச் சேற்றுக் குட்டையைப் போய்ப் பார்ப்போமா? இந்த மீனின் ஊர் தாய்லாந்தும் அதன் அண்டை நிலங்களும். 2019-இல் தாய்லாந்து அரசு தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே இதை அறிவித்தது. அங்கே இது வாழ்வது நெல்வயலிலும் வாய்க்காலிலும் சதுப்பிலும். வயலில் தண்ணீர் ஆழமில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஏக்கர் வயலில் நாலு அங்குலம், அதாவது பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் சுமார் 4 லட்சம் லிட்டர். நீங்கள் கொடுப்பது அரை லிட்டர். நாலு லட்சம் எங்கே, அரை எங்கே? கணுக்கால் அளவுத் தண்ணீர் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அது எவ்வளவு தூரத்துக்குப் பரந்து கிடக்கிறது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது அந்தக் காற்றுக் கதை. செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்று மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இந்த மீனுக்கு இருக்கிறது. அதனால் மேலே வந்து காற்றை உறிஞ்ச முடியும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்பு உண்டு. ஆனால் அந்த உறுப்பு மூச்சுக்கு மட்டும்தான் வழி செய்கிறது. மீன் கழிவாக வெளியேற்றும் அம்மோனியா தண்ணீரில்தான் கலக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதே அம்மோனியாவாகிறது. அது செவுளை அரிக்கும், தோலை எரிக்கும். ஜன்னல் இருக்கிறது என்பதற்காக ஒருவரைக் கழிவறையிலேயே குடியிருக்கச் சொல்வோமா? ஒரே அளவு கழிவு, 20 லிட்டர் தொட்டியில் இருப்பதைவிட அரை லிட்டர் பாட்டிலில் 40 மடங்கு அடர்த்தியாக இருக்கும். தண்ணீர் சூடாகவும் காரத்தன்மை கூடுதலாகவும் இருந்தால் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும். நம் போர் தண்ணீரையும் நம் மே மாதத்தையும் நினைத்துப் பாருங்கள்.

வயலில் மட்டும் ஏன் சாகவில்லை என்று கேட்பார்கள். 4 லட்சம் லிட்டர் என்று இப்போதுதானே சொன்னேன்! அதோடு, அந்த வயலில் நெற்பயிர் நிற்கிறது. அம்மோனியாவாகக் கரைந்திருக்கும் தழைச்சத்தை நெல் விரும்பி உறிஞ்சும். சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் மிச்சத்தை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் யார் இருக்கிறார்கள்? சிலர் பாட்டில் வாயில் மணி பிளாண்ட் கொடியைச் செருகிவிட்டு, மீன் அந்த வேரைத் தின்று வாழும் என்கிறார்கள். புழு பூச்சி தின்னும் மீனப்பா அது! கொசுப்புழுவைக் கண்டால் பாய்கிற உயிரை வேரைத் தின்னச் சொல்வது பட்டினி போடுவதுதான்.

"நாங்க ரெண்டு நாளைக்கு ஒருக்கா முழுத் தண்ணியையும் மாத்திடுவோம்" என்று பெருமை பேசுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். பாட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து, மீனைக் கையால் அள்ளிப் போடுவார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது செவுளைச் சுடும். பழைய தண்ணீரின் வெப்பம் வேறு, புதியதன் வெப்பம் வேறு. சுத்தம் என்ற பெயரில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அதிர்ச்சி வைத்தியம்! கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். ஆர்.ஓ.வில் வடித்த அந்தத் தண்ணீரில் தாது உப்புகள் பெரும்பாலும் போய்விடும். மீனுக்கு அவை வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையா என்ன? 20 லிட்டர் தொட்டி, நீரை வேகமாக இழுக்காத சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, தொட்டியின் சூட்டுக்கு வந்ததும் மெதுவாக ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்கக் கூடாது, நன்மை செய்யும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும். தீனி ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மணி. இவ்வளவு செய்தால் மூன்று நான்கு வருடம் உங்களை அடையாளம் கண்டு கண்ணாடியோரம் ஓடிவரும். பாட்டிலில் மூன்று மாதம் தாண்டினால் "பாருங்க, நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். அந்த மூன்று மாதமும் அது செத்துக்கொண்டிருக்கிறது.

ரோம் நகராட்சி 2005-இலேயே உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதற்குத் தடை போட்டது. நாம் இன்னும் ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பென்சில் டப்பா தீர்ந்துவிட்டதா, கதைப் புத்தகம் தீர்ந்துவிட்டதா? கேட்காதவர் கையில் உயிரைத் திணித்தால் அடுத்து நடப்பது என்ன என்பதற்கு டேங்க் கிளீனர் மீனே சாட்சி. பாசி தின்னும் என்று சொல்லி விற்றார்கள், முழ நீளம் வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இப்போது நம் ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஃபைட்டரை ஏரியில் விடுவதில்லை, பாட்டிலிலேயே முடித்துவிடுகிறோம்.

அன்றைக்கு டப்பாவோடு வீடு திரும்பிய பெற்றோர் யாராவது இதைப் படித்தால், தொட்டி வாங்கும்வரை பழைய பிளாஸ்டிக் பக்கெட் போதும். சோப்பு வாசமில்லாத பக்கெட்டாக இருக்கட்டும். 15 லிட்டர் தண்ணீர் பிடித்து ஆன்டி குளோரின் விடுங்கள். டப்பாவை அதன் மேல் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் பக்கெட்டில் விடுங்கள். மேலே வலையோ ஓட்டை போட்ட தட்டோ போட்டு மூடுங்கள், ஃபைட்டர் துள்ளி வெளியே விழும். ஏசி காற்று நேராகப் படாத இடமாக வையுங்கள். ஃபில்டர் வரும்வரை வாரத்துக்கு இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அந்த ஐஸ்கிரீம் கப்பை இன்றைக்கே குப்பையில் போடுங்கள்.