வண்டியின் கால்களையும் கவனிப்போம்!

பால்வெட்டுக் கத்தியைத் தீட்டாமல் வெட்டுக்காட்டுக்குப் போகும் தொழிலாளி எவருமில்லை. கணக்கைச் சரிபாராமல் செக்ரோல் புத்தகத்தை மூடும் கிராணியும் இல்லை. ஆனால் நம்மை அன்றாடம் வேலைத்தலத்துக்குச் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிளை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? பெட்ரோல் ஊற்றுகிறோம், எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறோம், தீபாவளி வந்தால் பளபளக்கத் துடைக்கிறோம். அதன் கால்களை மட்டும் குனிந்து பார்ப்பதில்லை.

கால்கள் என்று நாம் கூறுவது, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்குக் குழாய்களையும், பின்சக்கரத்தைத் தாங்கும் அப்சார்பர்களையுந்தான்.

செராஸ் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று தாமான்களும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. தோட்டத்தை விட்டு வந்த நம் மக்கள் ஒன்பதாங்கட்டையிலிருந்தும் பதினோராங்கட்டையிலிருந்தும் விடியுமுன் புறப்படுகிறார்கள். 2017-ல் எம்.ஆர்.டி. இரயில் செராஸ் வழியாகக் காஜாங் வரை ஓடத் தொடங்கியது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் முடியும் ஷிப்டுக்கு இரயில் காத்திருப்பதில்லை. ஆகவே ஏழைக்குக் கப்சாய்தான் குதிரை. 1958-ல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா கப் வண்டியின் வழிவந்த இனம் அது. பினாங்கு லோ பூன் சியூ அவர்களின் முயற்சியால் ஹோண்டா வண்டிகள் இந்நாட்டில் பரவின. 2017-க்குள் உலகமெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட கப் வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. அத்தனை உழைப்பாளி வண்டிக்கும் கால் பழுதானால் கதி ஒன்றுதான்.

“அப்சார்பர் சொகுசுக்காரன் சமாச்சாரம், நமக்கு இடுப்பு வலித்தால் தைலம் தேய்த்துக்கொள்வோம்” என்று சில தோழர்கள் கூறுகிறார்கள். இதை நாம் மறுக்கிறோம். பள்ளத்தில் விழுந்த சக்கரம் துள்ளி எழுந்து தரையை விட்டுப் பிரிந்திருக்கும் கணத்தில், பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. சக்கரத்தைத் தரையோடு அணைத்து வைப்பதே ஸ்பிரிங்கின் வேலை. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாதபடி அடக்குவது உள்ளிருக்கும் எண்ணெயின் வேலை. ஸ்பிரிங் இருந்து எண்ணெய் செத்தால், வண்டி கடிவாளமற்ற குதிரையாகிவிடும். நம் நாட்டில் சாலை விபத்தில் மாளுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை மறந்துவிட்டு இதைச் சொகுசு என்று பேசலாகாது.

அண்மையில் ஒரு தோழர் நம்மிடம் வந்தார். பிரேக் பிடிக்கும் போதெல்லாம் முன்புறம் ‘டக்’கென்று இடிக்கிறதாம். ஒரு பட்டறையில் போர்க்கை முழுவதும் மாற்றச் சொல்லிப் பெருந்தொகை கேட்டார்களாம். நாம் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தோம். ஆடியது ஹேண்டில் கழுத்திலுள்ள பேரிங்! அதை இறுக்கியதும் சத்தம் நின்றது. போர்க்கில் ஒரு குற்றமுமில்லை. அறியாமைக்கு நாம் கட்டும் அபராதம் இப்படித்தான் சம்பளப் பையிலிருந்து போகிறது.

ஆகவே, பட்டறைக்குப் போகுமுன் நாமே பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் டயர் காற்று. வண்டி ஓடிச் சூடேறுமுன், செயின் மூடியிலோ கையேட்டிலோ குறித்துள்ள அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். காற்றுக் குறைவால் வண்டி நெளிவதை அப்சார்பரின் குற்றமென்று எண்ணிப் பணத்தை இழந்தவர் பலர். அடுத்து, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்திவிடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நலம். தொட்டில்போல் மேலும் கீழும் ஆடினால் எண்ணெய் போய்விட்டது. போர்க்குக் குழாயை விரலால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை வளையமாக ஒட்டினால் சீல் கசிகிறது. அந்த எண்ணெய் வழிந்து பிரேக் கட்டையில் பட்டால் உயிருக்கே உலை. சில வேளை சீலடியில் சிக்கிய மண்ணைத் துடைத்தாலே கசிவு நிற்கும். குழாய் துருவேறிக் குழிந்திருந்தாலோ, புதுச் சீலும் நிலைக்காது. எண்ணெய் மாற்றும்போது இரு குழாய்களுக்கும் ஒரே ரகம், ஒரே அளவு ஊற்ற வேண்டும். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டங் கண்டால், பேரிங்கையோ ஆர்ம் புஷ்ஷையோ பார்க்கச் சொல்லவேண்டும்.

இனிச் சுமை. பின்னால் பால் தோம்புகளைக் கட்டிக்கொண்டு இருட்டில் வெட்டுக்காட்டுக்கும் ஸ்டோருக்கும் போய்வரும் தோழர்கள் கவனிக்கவேண்டும்: வண்டியின் பின்புறம் அமுங்கினால் முன்விளக்கு மேல்நோக்கி எரியும், மரக்கிளை தெரியும், பாதையின் பள்ளம் தெரியாது. சில வண்டிகளில் அப்சார்பரின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் உண்டு. தனியே செல்கையில் கீழ்ப்படி, சுமை ஏற்றுகையில் மேல்படி. இரு பக்கமும் ஒரே படியில் இருக்கவேண்டும். சரியான நிலையை அறிவதும் எளிது. பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து மட்கார்டு வரை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்தபின் வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அப்சார்பரின் மொத்த அசைவில் காற்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை அமுங்கினால் போதும். வளையம் இல்லாத வண்டியில் சுமையைக் குறைப்பதே வழி.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறீர்கள். அசைவதற்கு இடமில்லாத அப்சார்பர் பள்ளத்தின் அடியை அப்படியே முதுகெலும்புக்கு அனுப்புகிறது. இருபது வயதில் தெரியாத அந்த அடி நாற்பது வயதில் கணக்குக் கேட்கும்.

பொறுப்பு நம்முடையது மட்டுமல்ல. லயத்திலிருந்து வெட்டுக்காடு செல்லும் செம்மண் பாதையைச் செப்பனிட வேண்டியது நிர்வாகத்தின் கடமை. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை கண்ட நாடு இது. செராஸ் சாலையின் பள்ளங்களை அடைக்க வழியில்லையென்று யாரும் சொல்லமுடியாது. தொழிலாளி தன் சொந்த வண்டியில் நிர்வாகத்தின் சரக்கைச் சுமந்தால், பெட்ரோலுக்கு மட்டுமன்றி அப்சார்பர் தேய்மானத்துக்கும் சேர்த்தே அலவன்ஸ் கேட்பது நியாயம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே, வழி விலகாமல் செல்கையில் நேரும் விபத்தும் வேலை விபத்தாகவே கொள்ளப்படும். முதலாளியிடம் உடனே தெரிவித்து, போலீஸ் புகாரையும் மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்தி, சொக்சோவில் உரிமையைக் கோருங்கள். ஆனால் நட்டஈடு முறிந்த காலைப் பழையபடி ஆக்கித் தராது.

வருகிற ஓய்வு நாளில் அரைமணி நேரம் ஒதுக்குவோம். டயர் காற்றளவு, போர்க்குக் குழாய், ஹேண்டில் கழுத்து, பின் அப்சார்பர் ஆகிய நான்கையும் பார்ப்போம். கிளைக் கூட்டத்துக்கு வரும் தோழர்கள், பட்டறை வேலை தெரிந்த ஒருவரை உடன் அழைத்து வந்து மற்றவர்க்குக் காட்டச் சொன்னால் இன்னும் நலம். கத்தியைத் தீட்டும் கை, ஸ்பானரையும் பிடிக்கட்டும்!