விரதமும் வேலையும்

ஐப்பசியில் கந்த சஷ்டி. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை, 41 நாள் விரதம். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் பிழைக்கும் தமிழரும் இவற்றை விடாமல் காத்து வருகின்றனர். மலையாளிகள் 'ஒரிக்கல்' என்பதும் நம்மவர் 'ஒருபொழுது' என்பதும் ஒருவேளைச் சோற்றோடு நிறுத்தும் ஒரே நோன்புதான்.

இன்று அதே வழக்கம், 16 மணி நேரப் பட்டினி என்ற பெயரில் உடல் மெலியவும் பரவுகிறது. ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016-இல் பெற்ற நோபல் பரிசைச் சான்று காட்டுவோர் உண்டு. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. சுமை தூக்கும் தொழிலாளியை அல்ல.

பக்தியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கணக்கெழுதும் குமாஸ்தாவின் பட்டினியும், வெயிலில் செங்கல் சுமப்பவரின் பட்டினியும் ஒன்றாகா. இன்சுலின் போடுவோரும், சர்க்கரை நோய்க்குச் சிலவகை மாத்திரை உண்போரும் வேளை தவறினால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம் எனத் தொடங்குவது மயக்கத்தில் முடியலாம். சாரத்தின் மீது நிற்பவருக்கு அது உயிராபத்து. நினைவு இருக்கும்போதே சர்க்கரை கரைத்த நீர் கொடுக்க வேண்டும்; விரதம் கலையுமே என்று தயங்கலாகாது.

மாலை போடுமுன் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மருந்தின் அளவைக் கேட்டறிவது அவசியம். மேஸ்திரிகளும் பட்டினி கிடப்பவரை உயரத்தில் ஏற்றாதிருக்கட்டும். ரமலான் நோன்பிலும் தவக்கால நோன்பிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. முருகனும் ஐயப்பனும் மட்டும் இரக்கமற்றவர்களா? உழைக்க வந்தவரை நம்பியே ஊரில் அடுப்பு எரிகிறது. அந்த உடலைக் காப்பதும் விரதமே.