பிஸ்னஸ் மனேஜ்மென்ற் படிக்க வாறியளோ, அண்ணை?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. எங்கள் ரெஸ்ரோரன்டில் திங்கள் மத்தியானம் என்றால் ஈ கலைக்கிறதுதான் வேலை. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். "அண்ணை, உங்களோட ஒருக்கா கதைக்க வேணும்" என்று ஒரு தம்பி வந்தார். கோட்டும் ரையும், கையில் பளபளக்கிற ஒரு புத்தகமும். இன்சூரன்ஸ் விற்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லையாம். எனக்கு டிகிரி எடுத்துத்தர வந்திருக்கிறாராம்!

"பிஸ்னஸ் மனேஜ்மென்ற் அண்ணை. கிழமைக்கு ரண்டு நாள்தான் கொலிஜ். வேலை செய்துகொண்டே படிக்கலாம். வருசத்துக்கு பன்ரண்டு, பதின்மூண்டாயிரம் கைக்கு வரும். திருப்பிக் கட்டத் தேவையில்லை. எங்கட சம்பளத்துக்கு ஆர் கட்டுறது?"

லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்கள் கனபேர் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். கோயில் வீதியில், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், சாமத்தியவீட்டுப் பந்தியில்... சிலபேர் கையெழுத்தும் வைத்திருப்பீர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்களில் சிலர் இரவு வேலை முடிந்து வந்து விடிய விடியப் படிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

என்னுடைய கருத்து இதுதான். நாற்பது வயதில் படிக்கப் போவது நல்ல காரியம். அதிலும் பிஸ்னஸ் படிப்பு எங்கள் சனத்துக்கு மிகவும் தேவையானது. ஆனால் இதை எங்களிடம் படிப்பாக விற்கவில்லை, காசாக விற்கிறார்கள். அப்படி வாங்கினால் படிப்பும் போகும், இன்னொரு முறை படிக்கிற வாய்ப்பும் போகும்.

முதலில் ஏன் தேவை என்று சொல்கிறேன். இந்த நாட்டில் எத்தனை தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் திறந்து இரண்டு வருடத்துக்குள் பூட்டுப்பட்டதைக் கண்டிருக்கிறோம்! சாப்பாடு ருசியில்லாமல் பூட்டினது குறைவு. கணக்குத் தெரியாமல் பூட்டினதுதான் கூட. ஒரு கொத்துரொட்டி 12 பவுண் என்று வையுங்கள். கடை வற் பதிந்த கடையென்றால் அந்த 12 பவுணில் 2 பவுண் கடைக்காரருடையது இல்லை, அரசாங்கத்தினுடையது. மூன்று மாதத்துக்கு ஒருக்கா அதைக் கட்ட வேண்டும். எங்கள் ஆட்களோ கல்லாவில் கிடக்கிறதெல்லாம் தங்கள் காசென்று நினைத்துச் சீட்டுக் கட்டுவார்கள், வான் வாங்குவார்கள், மற்றக் கடைக்கு அட்வான்ஸ் குடுப்பார்கள். வற் கட்டுகிற நாள் வரும்போது கடன் வாங்க ஓடுவார்கள். வியாபாரம் நடக்கிறது வேறு, கையில் காசு இருக்கிறது வேறு, லாபம் வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருவதுதான் பிஸ்னஸ் படிப்பின் முதலாம் வருடத்தில் நடக்கிற வேலை. நட்டமும் இல்லாமல் லாபமும் இல்லாமல் நிற்கிற புள்ளியைக் கண்டுபிடிக்கிற கணக்கை ஒழுங்காக ஒருக்கா போட்டுப் பார்த்திருந்தாலே பாதிப்பேர் கடை திறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே படிப்பில் பிழை இல்லை. விற்கிற முறையில்தான் பிழை. அது எப்படி நடக்கிறதென்று பார்ப்போம்.

இந்தக் கொலிஜ்களில் கனக்க, தாங்களாக டிகிரி குடுப்பதில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு பல்கலைக்கழகம் டிகிரியைக் குடுக்கும். பாடம் நடத்துவது கொலிஜ். மாணவனின் கட்டணத்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்கு, மிச்சம் கொலிஜுக்கு. ஆள் பிடித்துக் குடுக்கிற ஏஜென்றுக்கும் அதற்குள் இருந்துதான் போகும். 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் ஒரு வருடக் கட்டணம் கூடியது 9,535 பவுண். ஏ/எல் இல்லாதவர்களுக்கு முன்னால் ஒரு அடிப்படை வருடம் சேர்ப்பார்கள். பிஸ்னஸ் பாடத்துக்கு அதன் உச்சக் கட்டணம் 5,760. இந்தக் காசை அரசாங்கத்தின் கடன் நிறுவனம் நேரே படிப்பிக்கிற பக்கத்துக்குக் கட்டும், மூன்று தவணையாக: 25 வீதம், 25 வீதம், கடைசியில் 50 வீதம். மூன்றாம் தவணைக்கு நீங்கள் வகுப்பில் இருக்கிறீர்களோ என்பது அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது விளங்கும். அதற்குப் பிறகு உங்களை ஆர் தேடுவார்?

இனி கடன் கணக்கு. படிப்புக் கட்டணம் நாலு வருடத்துக்கு 34 ஆயிரத்துக்கு மேல். வாழ்க்கைச் செலவுக் கடன் லண்டனில் தனியாக இருப்பவருக்கு 2025-26இல் கூடியது 13,762 பவுண். குடும்ப வருமானம் கூடினால் இது குறையும். முழுதாக எடுத்தால் நாலு வருட முடிவில் 80 ஆயிரத்துக்கு மேல் உங்கள் பெயரில் கடன் நிற்கும். 2023 ஓகஸ்டுக்குப் பிறகு தொடங்கினவர்களுக்கு, வருடம் 25 ஆயிரத்துக்கு மேல் உழைக்கிற காசில் 9 வீதம் சம்பளத்திலேயே வெட்டுவார்கள், 40 வருடம் வரைக்கும். "எங்கட சம்பளத்துக்கு ஆர் கட்டுறது" என்று தம்பி சொன்னாரே, 2025 ஏப்ரலில் ஆகக் குறைந்த சம்பளமே மணிக்கு 12.21 ஆகிவிட்டது. கிழமைக்கு 40 மணித்தியாலம் பேப்பரில் செய்தால் வருடத்துக்கு 25,396. கோப்பை கழுவுகிறவரும் கட்டத் தொடங்கிவிடுவார். வெட்டுகிறது சின்னக் காசுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் வட்டி விலைவாசியோடு ஏறும். 80 ஆயிரத்துக்கு 3 வீதம் என்றாலே வருடம் 2,400. நீங்கள் முப்பது, நாற்பது பவுண் கட்ட, கடன் வளர்ந்துகொண்டே போகும்.

"சாகும்வரை கடன் இருந்தால் என்ன, வீட்டுக்கு வந்து பறிக்கவா போறாங்கள்?" என்று கேட்பீர்கள். சரி, பறிக்க மாட்டார்கள். ஆனால் வேறொன்று பறிபோகிறது. அதைத்தான் ஏஜென்ற்மார் சொல்வதில்லை. இந்தக் கடன் ஆளுக்கு இத்தனை வருடம் என்று அளவானது. பொதுவாகப் படிப்பின் நீளத்தோடு ஒரு வருடம் கூட்டி, முன்பு படித்த வருடங்களைக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். 2027 ஜனவரியில் இருந்து தொடங்கும் படிப்புகளுக்கு வருகிற புதிய முறையிலும் ஆளுக்கு நாலு வருட அளவுதான். காசுக்காகப் பதிந்து இரண்டு வருடத்தில் விட்டுவிட்டுப் போனால், பிறகு உண்மையாகவே நேர்சிங்கோ ரீச்சிங்கோ படிக்க ஆசை வரும்போது உங்கள் வருடங்கள் தின்னப்பட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கும் அந்தத் தம்பிக்கும் பிசகினது. "முந்தி எங்கயாவது படிச்சனீங்களோ அண்ணை?" என்று கேட்டார். யாழ்ப்பாணக் கம்பஸ், முகாமைத்துவம், மூன்றாம் வருடத்தோடு நின்றது என்றேன். அவர் பேனையை மூடிவிட்டுச் சொன்னார்: "அதை எழுத வேண்டாம். சும்மா தேவையில்லாத சிக்கல். படிக்கேல்லை எண்டு போடுவம்."

எனக்குக் கோபம் வந்ததோ அழுகை வந்ததோ தெரியாது. வெங்காயமும் கையில்தான் இருந்தது.

ஏ/எல் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றும் எடுத்து, இசட் புள்ளி வந்த நாளில் அம்மா சந்தியில் இருந்த பிள்ளையாருக்கு நூறு தேங்காய் அடித்தா. பரமேஸ்வராச் சந்தியில் ரீ குடித்துக்கொண்டு பட்டம் எடுத்தால் பாங்கில் வேலை என்று கணக்குப் போட்ட ஆட்கள் நாங்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடுப்பட்டது. பிறகு ஊரடங்கு, சுற்றிவளைப்பு, காலமை வகுப்பில் இருந்தவன் பின்னேரம் இல்லை என்ற செய்திகள். என்னை அம்மாதான் நகையை விற்று அனுப்பினா. என்னிடம் சேர்டிபிக்கற் இல்லை. ஆனால் நான் அங்கே படித்தேன். அதை "படிக்கேல்லை" என்று என் கையாலேயே எழுதி ஒரு டிகிரி வாங்க வேண்டுமாம்.

பிறகு விசாரித்துப் பார்த்தேன். முன்பு படித்த படிப்பு நியாயமான காரணத்தால் நின்றுபோனால், அதை ஆதாரத்தோடு சொல்லி மேலதிகமாக ஒரு வருடம் கேட்க இங்கே வழி இருக்கிறது. அதாவது உண்மையைச் சொல்லவே ஒரு பாதை இருக்கும்போது, பொய்யை எழுதச் சொல்கிறார் தம்பி. பொய் பிடிபட்டால் கையெழுத்து வைத்தவன்தான் மாட்டுவான், ஏஜென்றின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது.

இது எங்கள் சின்ன வட்டத்துக் கதை மட்டுமில்லை. 2022இலேயே ஒபிஸ் ஃபோர் ஸ்ருடன்ற்ஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு எட்டு இடங்களில் பிஸ்னஸ் படிப்புகளின் தரத்தை விசாரிக்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில் தேசிய கணக்காய்வு அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. இப்படியான கொலிஜ்களில் படிப்பவர்கள் 2018-19இல் 50 ஆயிரம் அளவில் இருந்து 2021-22இல் ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கிறார்கள். 2022-23இல் கண்டுபிடித்த மாணவர் கடன் மோசடியில் பாதிக்கு மேல் இந்தப் பக்கத்தில்தான். 300 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கொலிஜ்கள் கண்காணிப்பு அமைப்பில் பதிய வேண்டும் என்ற யோசனையை 2025 ஜனவரியில் அரசாங்கம் முன்வைத்தது. நல்லதுதான். ஆனால் பேப்பர்காரன் இந்தச் செய்தியை எழுதும்போது கொலிஜ் முதலாளியின் படத்தைப் போடுவதில்லை. வெளிநாட்டுக்காரர் கடனை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்றுதான் தலைப்பு வரும். வெள்ளனப் பஸ் பிடித்து ஒழுங்காக வகுப்புக்குப் போகிற அக்காவுக்கும் அந்தப் பெயர்தான்.

அப்போ படிக்காமல் விடுகிறதோ? இல்லை. கேட்டுவிட்டுப் படியுங்கள். நாலு கேள்வி போதும்.

ஒன்று, டிகிரி தருவது எந்தப் பல்கலைக்கழகம், கொலிஜ் தன் பெயரில் ஒபிஸ் ஃபோர் ஸ்ருடன்ற்ஸில் பதிந்திருக்கிறதா? அந்தப் பதிவேட்டை ஆரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இரண்டு, முதலாம் வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை வீதம் இரண்டாம் வருடத்துக்குப் போனார்கள்? முழுநேர டிகிரிக்கு 80 வீதமாவது தொடர வேண்டும், 75 வீதமாவது முடிக்க வேண்டும் என்பது கண்காணிப்பு அமைப்பு வைத்த கோடு. பதில் சொல்லாமல் இளித்தால் எழும்பி வாருங்கள்.

மூன்று, "அசைன்மென்ற் நாங்கள் செய்து தருவம்" என்கிறார்களா? 2022 சட்டத்தின்படி இங்கிலாந்தில் காசுக்கு அசைன்மென்ற் எழுதிக் குடுப்பதும் அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். அதைச் சொல்கிற வாயில் இருந்து வருகிற வேறெதையும் நம்ப வேண்டாம்.

நாலு, காசு ஒரு சதமும் கைக்கு வராவிட்டாலும் இந்தப் படிப்பைப் படிப்பேனா? இது உங்களிடம் நீங்களே கேட்க வேண்டியது.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஓப்பன் யூனிவர்சிற்றியில் வீட்டில் இருந்து பகுதிநேரமாகப் படிக்கலாம். பேர்க்பெக்கில் வேலைக்காரருக்கென்றே பின்னேர வகுப்பு நடத்துகிறார்கள், அது 1823இல் தொழிலாளிகளுக்காகத் தொடங்கின இடம். கணக்குப் புத்தகம் எழுதப் பழக டிகிரியே தேவையில்லை, ஏஏரி படிப்பு இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? தம்பிக்கு ஒரு ரீ போட்டுக் குடுத்து அனுப்பினேன். அவர் மேலேயும் பெரிய கோபம் இல்லை. அவருக்கும் வாடகை இருக்கிறது. வாற செப்டம்பரில் ஏஏரியில் சேரலாம் என்று இருக்கிறேன். படிவத்தில் முன்பு படித்த இடம் என்று கேட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், முடிக்கவில்லை என்று எழுதுவேன். மனிசி சிரிக்கிறா, மகள் கல்குலேற்றர் வாங்கித் தருகிறேன் என்கிறாள்.

உங்களில் இந்தக் கொலிஜ்களில் படித்து முடித்தவர்கள் இருந்தால், நல்லதோ கெட்டதோ உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கையெழுத்து வைக்க முன்னம் ஒரு ஆளாவது அதை வாசிக்கட்டும்.

சரி, ஐந்து மணியாச்சு. வேலைக்கு இறங்க வேணும்.