சம்பளமும் சாட்சியமும்

கம்பெனிகளின் விளம்பரத்தை முன்பெல்லாம் பத்திரிகைகளும் சுவர்களும் சுமந்து வந்தன. இப்போது அந்தப் பாரத்தில் ஒரு பங்கு சிப்பந்திகளின் தலையில் ஏறியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் காரியாலயத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது: "நமது ஸ்தாபனம் இன்ன விருதைப் பெற்றிருக்கிறது. இச்செய்தியை உங்கள் லிங்க்டின் பக்கத்திலும் முகநூலிலும் வெளியிடுங்கள். வாசகமும் படமும் இத்துடன் இருக்கின்றன." சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளையும் பெண்களையும் உடைய நேயர்களுக்கு இது புதிய சமாசாரமல்ல. ஒரே வாசகத்தை நாற்பது பேர் ஒரே நாளில் வெளியிடுகிறார்கள். அந்த நாற்பது பேருமே ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக் கொடுத்துக் கொள்கிறார்கள். கல்யாண வீட்டில் பரிசாரகர்களே பந்தியில் உட்கார்ந்து, சமையல் பிரமாதம் என்று தங்களுக்குள் மெச்சிக் கொள்வது போலத்தான் இது.

முதலாளிகளின் யோசனை முழுவதும் தவறு என்று நாம் சொல்லவில்லை. கம்பெனியின் வாயால் கம்பெனியைப் புகழ்ந்தால் ஜனங்கள் நம்புவதில்லை. தெரிந்த மனிதர் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை சிப்பந்தி தம் பழக்கத்தினால் சம்பாதித்த சொத்து. அதைக் கம்பெனி இரவல் வாங்குகிறது. இரவல் கேட்பதற்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

ஐ.பி.எம். கம்பெனி அந்த மரியாதையை அறிந்திருந்தது. 2005-ம் ஆண்டில் அதன் சிப்பந்திகள் இணையத்தில் எழுதத் தொடங்கியபோது, அதற்குரிய விதிகளை மேலதிகாரிகள் எழுதி இறக்கிவிடவில்லை. சிப்பந்திகளே கூடி எழுதினார்கள். சொந்தப் பெயரில் எழுது, தன்மையில் பேசு, இது என் அபிப்பிராயம், கம்பெனியின் அபிப்பிராயமல்ல என்று தெளிவாகச் சொல் என்பவை அவற்றின் சாரம்.

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவில் அமேஸான் கம்பெனியில் நடந்தது. அதன் கிடங்குகளில் வேலை செய்வோர் இயற்கை உபாதைக்குக்கூடப் போக முடியாமல் அவதிப்படுவதாகப் புகார்கள் எழுந்த சமயம். 2018-ல் கம்பெனி தன் கிடங்குத் தொழிலாளரில் சிலரைப் பொறுக்கி எடுத்து, "தூதர்" என்ற பட்டம் சூட்டி, ட்விட்டரில் உட்கார வைத்தது. யார் குறை சொன்னாலும் இவர்கள் உடனே வந்து, "நான் அங்கேதான் வேலை செய்கிறேன், எனக்கு ஒரு குறையுமில்லை" என்று பதில் எழுதினார்கள். அத்தனை பேருடைய பதிலும் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள், இவர்கள் மனிதர்கள்தானா, இயந்திரங்களா என்றுகூடக் கேட்டார்கள். உண்மையில் அவர்கள் ரத்தமும் சதையுமான தொழிலாளர்களே. 2021-ல் அந்தத் திட்டத்தின் உள் தஸ்தாவேஜு ஒன்று வெளியாயிற்று. அதில் திட்டத்துக்கு இட்டிருந்த ரகசியப் பெயர் "வெரிடாஸ்". லத்தீன் மொழியில் அதற்கு "சத்தியம்" என்று பொருளாம்! அதே ஆண்டில் அலபாமாவில் தொழிற்சங்கம் அமைப்பதற்கான வாக்கெடுப்பு நடந்தபோது, யாரோ குறும்பர்கள் போலித் தூதர்களைப் படைத்து உலவவிட்டார்கள். எது நிஜத் தூதர், எது போலி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டின் முடிவில் திட்டமே கைவிடப்பட்டது. கம்பெனிக்கு ஒரு திட்டம் போயிற்று, அவ்வளவுதான். கேலியைச் சுமந்தவர் அந்தத் தொழிலாளர்.

சண்டே ரைலி என்ற அழகுச் சாதனக் கம்பெனியோ இன்னும் ஒரு படி கீழே இறங்கிற்று. வேறு பெயர்களில் கணக்குத் தொடங்கி, வாடிக்கைக்காரர்களைப் போல நடித்து, தன் சரக்கைப் புகழ்ந்து எழுதும்படி சிப்பந்திகளை ஏவியது. அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2019-ல் இதன் மீது குற்றம் சாட்டியது. ஆனால் அபராதம் ஒரு காசுகூட விதிக்கவில்லை! அப்பேர்ப்பட்ட தயாள குணம் நமக்குப் புரியவில்லை.

நம் நாட்டில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் வகுத்த நெறிகளின்படி, பொருளைப் புகழ்கிறவருக்கும் கம்பெனிக்கும் உள்ள சம்பந்தத்தை மறைக்கக் கூடாது. உத்தியோக சம்பந்தமும் அதில் சேர்த்திதான். "நான் இங்கே பணி புரிகிறேன்" என்று ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். ஆனால் அனுப்பிவைத்த வாசகத்தை அப்படியே ஒட்டுகிறவருக்கு அந்த வரி எழுதத் தோன்றுவதில்லை.

பெரிய சங்கடம் வேறொன்று. விருப்பமிருந்தால் வெளியிடலாம் என்றுதான் கடிதம் சொல்லும். ஆனால் யார் வெளியிட்டார், யார் வெளியிடவில்லை என்ற ஜாபிதா மேலதிகாரியின் மேஜை மீது இருந்தால், அது எவ்வகை விருப்பம்? வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் உள்ள இளைஞன் அந்த ஜாபிதாவில் தன் பெயர் விடுபடத் துணிவானா? ஆகையால் பிரசாரம் நடத்த விரும்பும் ஸ்தாபனம் முதலில் அந்தக் கணக்கெடுப்பை விட வேண்டும். சம்பள உயர்வோடு இதை முடிச்சுப் போடக் கூடாது. எழுதுகிறவருக்கு வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும். வாசகத்தை அனுப்பாமல் விஷயத்தை மட்டும் அனுப்பினால், பத்துப் பேர்தான் எழுதுவார்கள். அந்தப் பத்தும் பத்து விதமாக இருக்கும். படிக்கத் தகுந்தவையாகவும் இருக்கும். தாம் செய்த வேலையைப் பற்றி, பழுது பார்த்த இயந்திரத்தைப் பற்றி, பயிற்சி கொடுத்த புதிய ஆளைப் பற்றி ஒருவர் எழுதினால் அதில் புகழ்ச்சி குறைவாயிருக்கலாம். ஆனால் சரக்கு இருக்கும்.

வேலையை விட்டு நீங்கிய பின்னும் பழைய புகழ்மொழிகள் அவரவர் பெயரிலேயே நிற்கின்றன. அவமானப்பட்டு வெளியேற்றப்பட்டவர் பக்கத்திலும், "எங்கள் குடும்பம் போன்ற நிறுவனம்" என்ற வரி மாறாமல் இருக்கிறது. விலகும் தினத்தில் அவற்றை அழித்துக் கொள்ளலாம், யாதொரு ஆட்சேபமுமில்லை என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.