பேச்சுவார்த்தை மேசைக்கு வெறுங்கையோடு போகவேண்டாம்



சம்பளப் பேச்சு என்றால் கம்பனித் தரப்பு எப்படி வரும் என்பது நம் தலைவர்மார் அறிந்ததுதான். கணக்காளர் வருவார், சட்டத்தரணி வருவார், ஆங்கிலத்தில் அச்சிட்ட கோப்பும் வரும். நம் பக்கம் நியாயம் உண்டு, அனுபவம் உண்டு, காகிதம்தான் குறைவு.

2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டன. சம்பளம் சம்பள நிர்ணய சபையின் கைக்குப் போனது. 2024 மே மாதம் 1,700 ரூபாவுக்கு வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் கைக்கு வந்தது 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம். தெருவில் எழுப்பும் குரலோடு மேசையில் வைக்கும் ஆவணமும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இப்போது கைபேசியிலேயே சட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கிடைக்கின்றன. கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை எவரும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் நூறு பக்கத்துக்கு மேல் உள்ள அறிக்கையைக் கொடுத்து, "இலாபம் எவ்வளவு, பங்குதாரருக்குப் போனது எவ்வளவு, தொழிலாளர் செலவு எவ்வளவு, எந்தப் பக்கத்தில் உள்ளது" என்று தமிழில் கேட்கலாம். "நீ கம்பனித் தரப்பாக இருந்து எங்கள் கோரிக்கையை மறுத்துப் பேசு" என்று சொல்லி ஒத்திகையும் பார்க்கலாம். மேசையில் வரப்போகும் கேள்விக்கு முதல்நாளே பதில் தேடிக்கொள்ளலாம்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதித் தோழர்களுக்கும் இது பொருந்தும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு இம்மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று துறைமுக வேலைக்கும் சீனக்குடாப் பக்கத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். விளங்காத மொழியில் உள்ள நியமனக் கடிதத்தில் கையொப்பமிடும் முன் அதன் சாரத்தைத் தமிழில் கேட்டறிவது அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, இந்தச் செயலி தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லும். 2023இல் நியூயோர்க்கில் இரு சட்டத்தரணிகள், அது கற்பனையாகக் கொடுத்த வழக்குகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5,000 டொலர் தண்டம் வாங்கினார்கள். ஆகவே அது சொல்லும் சட்டப் பிரிவை மூலச் சட்டத்தில் பாருங்கள். கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 2024இல் வந்த 1,350 ரூபா வீதம் 25 நாள் என்றால் 33,750 ரூபா. அதில் சேமலாப நிதிக்குக் கம்பனி செலுத்தவேண்டிய 12 வீதம் 4,050 ரூபா. செக்றோலோடு ஒத்துப்போகாத கணக்கை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது, அங்கத்தவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், சங்கத்தின் இறுதிக் கோரிக்கைத் தொகை எதையும் அதில் பதியவேண்டாம். நம் இரகசியம் நம்மிடமே இருக்கட்டும்.

மூன்றாவது, எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதை அங்கத்தவர் கூட்டமே தீர்மானிக்கவேண்டும். கொழுந்து நிறை குறைத்துப் போடப்படுவதையும், அரைப்பேர் போட்டு அனுப்புவதையும் அனுபவித்தவர் தொழிலாளியே. எந்த இயந்திரமும் அல்ல.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் படித்த இளைஞர், யுவதிகள் இருவரையாவது இந்த வேலைக்குத் தெரிவு செய்யவேண்டும். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். அடுத்த பேச்சுவார்த்தைக்குத் திகதி குறிக்கும் முன்னரே இந்த வேலை தொடங்கட்டும்.