வெள்ளெழுத்து வந்த பிறகு எழுத்து வருமா?

 

எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை நம்மவர்களில் அநேகருக்கு உண்டு. ஆனால் அவர்களிடம் ஒரு விசித்திரமான கணக்கும் இருக்கிறது. இருபது வயதில் கேட்டால், "இன்னும் அனுபவம் போதாது, கொஞ்சம் வயது போகட்டும்" என்பார்கள். முப்பதில் கேட்டால், "பிள்ளைகள் சிறிசுகள், வீட்டில் ஒரே சத்தம்" என்பார்கள். நாற்பதில், "மூத்தவளின் கல்யாணம் முடியட்டும்." ஐம்பதில், "பென்சன் எடுத்த பிறகு ஆறுதலாக இருந்து எழுதலாம்." அறுபதில் கேட்டுப் பாருங்கள்! "இனி இந்த வயதில் என்ன எழுத்து? கண்ணும் தெரியுதில்லை, கையும் நடுங்குது" என்று சொல்லி, தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொள்வார்கள். ஆக, எழுதுவதற்குத் தோதான வயது என்று ஒன்று மனித ஆயுளில் எங்குமே கிடையாது போலும்!

இந்தப் பக்கத்தை எழுதும் எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. எழுத்தாளன் என்று என்னை யாரும் அழைத்ததில்லை. ஆகவேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை. எனவே என்னைப் போன்ற ஆசைக்காரர்களோடு சேர்ந்து இந்த வயது விவகாரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நாற்பதில் முதலில் வருவது ஞானம் என்று நினைத்திருந்தேன். முதலில் வந்தது வெள்ளெழுத்து! கிதாபின் நடுவில் இருக்கும் பெரிய எழுத்து தெரிகிறது, ஓரத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கும் ஹாஷியா தெரிவதில்லை. கிதாபைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தெரியும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கடைசியில் கையின் நீளம்தான் போதவில்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்ந்து கொடுக்கும். வயது போகப்போக அது இறுகிவிடுவதால் கிட்ட உள்ளதைக் குவித்துப் பார்க்க முடிவதில்லை. அவ்வளவுதான் விஷயம். பெரும்பாலும் ஒரு மூக்குக் கண்ணாடியோடு தீர்ந்துபோகும் காரியம் இது.

ஆனால் இதில் ஒரு பாடமும் இருக்கிறது, பாருங்கள். தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது, கைக்குள் இருப்பதுதான் தெரிவதில்லை. எழுத ஆசைப்படுகிறவர்களில் பலருக்கு இருபது வயதிலேயே இந்த வெள்ளெழுத்து வந்துவிடுகிறது! காணாத கெய்ரோவின் வீதியில் கதை நடக்கிறது, போகாத லண்டனில் பனி பெய்கிறது. வீட்டு வாசலுக்கு முன்னால் கிடக்கும் வாவியும், அதில் விடியற்காலையில் வலை வீசுகிற மனிதரும், வட்டையில் இருந்து நெல் மூட்டையோடு வருகிற மனிதரும் மட்டும் கண்ணில் படுவதில்லை.

உற்சாகம் என்ற விருந்தாளி

"எழுத உட்கார்ந்தால் உற்சாகம் வருகுதில்லை" என்பது அடுத்த முறைப்பாடு. உற்சாகம் ஓர் அரிய விருந்தாளி. அவர் முன்கூட்டியே தகவல் அனுப்பி வருகிறவர் அல்லர். கதவைத் திறந்து, பாயை விரித்து, வேலையைத் தொடங்கியிருக்கும் வீட்டுக்குத்தான் அவர் எட்டிப் பார்ப்பார். நாமோ, "அவர் வரட்டும், பிறகு கதவைத் திறக்கலாம்" என்று உள்ளே படுத்திருக்கிறோம்.

ஒரு நண்பரின் கதையைக் கேளுங்கள். எழுதுவதென்று முடிவெடுத்ததும் பெரிய கொப்பி ஒன்று வாங்கினார். முதற் பக்கத்தில் பிஸ்மி எழுதினார். அடுத்த பக்கத்தில் நூலின் பெயர். அதற்கு அடுத்த பக்கத்தில், உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சமர்ப்பணம். பிறகு அணிந்துரை யாரிடம் வாங்குவது என்று ஒரு பட்டியல். வெளியீட்டு விழாவுக்கு யார் தலைமை, முதற்பிரதியை எந்த முதலாளி பெறுவது, பொன்னாடை யார் போர்த்துவது என்று இன்னொரு பட்டியல். எல்லாம் முறையாகத்தான் இருந்தது. நூல் மட்டும்தான் பாக்கி! இப்போது அந்தக் கொப்பியில் அவருடைய மனைவி பால் கணக்கு எழுதி வருகிறார். ஒரு நாளும் தவறாமல் எழுதுகிறார் என்பதால், அந்த வீட்டில் உண்மையான எழுத்தாளர் யார் என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

இங்கிலாந்தில் அந்தனி ட்ரொலப் என்றொரு நாவலாசிரியர் இருந்தார் (1815–1882). தபால் திணைக்களத்தில் முழுநேர உத்தியோகம். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கைக்கடிகாரம் பரவலாகாத காலம், ஆகவே கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதுவார். பிறகு கந்தோருக்குப் போவார். இப்படியே 47 நாவல்களை எழுதி முடித்தார். அதிகாலையில் தம்மை எழுப்பிவிடுவதற்காக ஒரு வேலைக்காரருக்கு வருடம் ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தாராம்!

சகோதரர்களே, நமக்கு அந்த ஐந்து பவுணும் மிச்சம். சுபஹுக்கு முஅத்தின் நம்மை இலவசமாகவே எழுப்பிவிடுகிறார். தொழுதுவிட்டு வந்து மீண்டும் போர்வைக்குள் நுழைவதா, கொப்பியைத் திறப்பதா என்பதுதான் கேள்வி. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நாளுக்கு அரைப் பக்கம் எழுதினால் வருடத்துக்கு 180 பக்கங்களுக்கு மேல் வரும். அது ஒரு நூல். உற்சாகத்துக்காகக் காத்திருந்தால் வருடத்துக்கு வருவது ஒரு பெருமூச்சு.

பிந்தி வந்தவர்களும் முந்திப் போனவர்களும்

"எனக்கு வயது போய்விட்டது" என்போருக்கு ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவரை நினைவூட்டுகிறேன். மர்வ் நகரத்து அபூபக்ர் அல் கஃப்பால் (ரஹ்) அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளி. கஃப்பால் என்றாலே பூட்டுச் செய்பவர் என்றுதான் பொருள். முப்பது வயதில்தான் அவர்கள் கல்வி தேடத் தொடங்கினார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 417 இல், தொண்ணூறு வயதில் மறையும்போது குராஸான் பகுதியின் பெரும் சட்ட அறிஞராக இருந்தார்கள். அவர்கள் முப்பதில் பூட்டைத் திறந்தார்கள், நம்மவர்களோ முப்பதில் பூட்டிக்கொள்கிறார்கள்!

இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் அரசியலில் அலைந்து களைத்து, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து உலகப் புகழ் பெற்ற 'முகத்திமா'வை எழுதியது 1377 இல். அப்போது அவர்களுக்கு வயது 45. ஐந்து மாதங்களில் அதன் முதல் வடிவத்தை முடித்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1838 இல் பிறந்த கண்டி அறிஞர் சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது 1882 இல், 'அசன்பே சரித்திரம்' வெளியானது 1885 இல். அதாவது 44 வயதில் பத்திரிகை, 47 வயதில் நாவல். தமிழகத்தில் இடைசெவல் கிராமத்து விவசாயியான கி. ராஜநாராயணன் எழுத்துலகில் அடியெடுத்து வைத்தபோது வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது. தம் ஊர்ப் பேச்சுச் சொற்களைத் திரட்டி அவர் உருவாக்கிய கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982 இல் வந்தபோது ஐம்பத்தொன்பது. உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதையை 'ஆனந்த விகடன்' வாரப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியது 1940 இல், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில்! 122 அத்தியாயங்கள் வந்தன.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எண்பத்தைந்து வரை அவசரமில்லை" என்று யாராவது சாய்ந்துகொள்ள நினைத்தால், தயவு செய்து அடுத்த வரிகளையும் படியுங்கள். சாமிநாதையரின் சுயசரிதை முற்றுப்பெறவில்லை, 1942 இல் அவர் மறைந்துவிட்டார். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்', 'மின்ஹாஜ்' என்று நாம் இன்றுவரை ஓதுகிற நூல்களையெல்லாம் எழுதிவிட்டு, 1277 இல் மறையும்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டவில்லை. நம் கீழ்க்கரையின் கவிஞர், ஆசிரியர் நீலாவணன் 1975 இல் மறைந்தபோது வயது 43. அவருடைய 'வேளாண்மை' காவியம் முடிவுறாமலே நின்றது, அவர் போன பிறகுதான் நூலாக வந்தது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல வருட ஆராய்ச்சியின் பயனான 'யாழ் நூல்' அரங்கேறியதைக் கண்டது 1947 இல். அதே வருடம் காலமானார். கைப்பிரதியை இன்னும் ஒரு வருடம் லாச்சியில் வைத்துத் திருத்தியிருந்தால்?

ஆகவே வயது நமக்குச் சொல்வது, "பிந்திவிட்டாய்" என்பதும் அல்ல, "இன்னும் நேரம் இருக்கிறது" என்பதும் அல்ல. இன்றைய நாள் கையில் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. முதுமை வருமுன் இளமையையும், வேலைப்பளு வருமுன் ஓய்வையும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்ன நபிமொழியின் கருத்தும் இதுதானே? அல்குர்ஆனின் அஹ்காஃப் அத்தியாயம் (46:15) நாற்பது வயதை மனிதன் தன் முழு வலிமையை அடைவதோடு சேர்த்துத்தான் சொல்கிறது, கட்டிலில் சாய்வதோடு சேர்த்து அல்ல!

யாருடைய வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

இதுவரை நாம் நம்முடைய வயதைப் பற்றித்தான் பேசினோம். உண்மையில் கவலைப்பட வேண்டியது நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூத்தம்மாவின் வயதைப் பற்றி. நாம் உற்சாகத்துக்காகக் காத்திருக்கலாம். அவர் காத்திருக்க முடியாது.

இந்த வாவிக் கரை பட்டது கொஞ்சமா? 1978 நவம்பரில் அடித்த சூறாவளியில் கூரைகளோடு கொப்பிகளும் கடிதங்களும் பறந்து போயின. 1990 இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள் புத்தகங்களையா தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து மிச்சம் மீதியையும் கழுவிச் சென்றது. எத்தனையோ வீடுகளில் இன்று எஞ்சியிருப்பது பெரியவர்களின் ஞாபகம் ஒன்றுதான். அந்த ஞாபகமோ மெழுகுவர்த்தி போல் தினமும் கொஞ்சம் கரைகிறது.

ஓர் உதாரணம். மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை வாவியைக் கடக்கப் 'பாதை'தான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையை எங்கள் பகுதியில் பாதை என்போம். அந்தப் பாதைக்காகக் கரையில் காத்துநின்ற நேரத்தில் எத்தனை பேச்சு, எத்தனை பகிடி, எத்தனை கல்யாணப் பொருத்தம்! அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போன பிரசவங்கள் எத்தனை! அக்கரையில் வயலும் இக்கரையில் கடையுமாகத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பலகையில் நின்று கடந்த காலம் அது. இன்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குப் பாலம் மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எழுதுகிறவர்தான் இல்லை.

பண்டிதர் வி.சீ. கந்தையா 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலில் இப்பகுதியின் வழக்கங்களையும் நாட்டுப்பாடல்களையும் எழுதி வைத்தார். அன்று அவர் உற்சாகம் வரட்டும் என்று இருந்திருந்தால், அந்தப் பாடல்களில் எத்தனையோ பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

எனவே எழுத ஆசைப்படும் சகோதரனே, சகோதரியே! காவியம் பிறகு பார்க்கலாம். இந்த வாரம் உங்கள் குடும்பத்தின் மூத்தவர் ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட சின்ன வயசில பெருநாள் எப்படி இருந்தது?" அல்லது "சூறாவளி ராத்திரி எங்க இருந்தீங்க?" பிறகு வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்வதென்றால் அவருடைய அனுமதியோடு செய்யுங்கள். அன்றிரவே, அல்லது மறுநாள் சுபஹுக்குப் பின், அவர் சொன்ன சொல்லிலேயே அரைப் பக்கம் எழுதுங்கள். அழகுபடுத்தப் போகாதீர்கள். மறுவாரம் அதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "அப்படி இல்ல மகன், அது வேற" என்று அவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தில் இன்னும் இரண்டு பக்கம் வரும், இன்ஷா அல்லாஹ்.

படிப்புப் போதாது என்று தயங்கும் சகோதரிகளே, நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன அவர், 1938 இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். பால் கணக்கு எழுதும் கையால் கதையும் எழுதலாம்.

முதுமை வரட்டும். நரை வரட்டும். மூக்குக் கண்ணாடியின் தடிப்பும் கூடட்டும். நம் பிள்ளைகள் ஒரு நாள், "எங்கட மூத்தம்மா யார்? எங்கட ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது, கொடுப்பதற்கு நம் கையில் நாலு தாளாவது இருக்கட்டும்.

எழுதுகோலைக் கொண்டு கற்றுக் கொடுத்த ரப்பு, நம் எஞ்சிய நாட்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.