காலத்தில் கிடைக்க வேண்டிய கவசம்

நாட்டிற்காகப் போர்க்களம் செல்லும் வீரர் தம் உயிரையே பணயம் வைக்கிறார். அவரை அனுப்பி வைக்கும் அரசாங்கத்திற்கும் ஒரு கடமை உண்டு. எதிர்கொள்ளும் ஆபத்திற்கு ஏற்ற பாதுகாப்பை உரிய காலத்தில் அவருக்கு வழங்குவதே அக்கடமை. அதில் தாமதம் ஏற்பட்டால் உயிர்கள் பறிபோகும் என்பதற்கு ஈராக் போர் தெளிவான சான்றாகும்.

2003ஆம் ஆண்டு அமெரிக்கப் படைகள் ஈராக்கிற்குள் நுழைந்தன. தலைநகர் பாக்தாத் விரைவில் வீழ்ந்தது. ஆனால், அதன் பிறகுதான் பெரிய ஆபத்து தொடங்கியது. எதிர்த்துப் போரிட்டவர்கள் நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்து, சாலையோரக் குப்பைகளுக்கு இடையில் வெடிகுண்டுகளை மறைத்து வைத்தனர். அச்சாலைகளில் வீரர்கள் 'ஹம்வீ' என்னும் வாகனங்களில் சென்றனர். அவற்றுள் பலவற்றிற்குப் போதிய கவசம் இல்லை. அடிப்பகுதி தட்டையாக இருந்ததால், வெடிப்பின் விசை உள்ளே இருந்தவர்களை நேராகத் தாக்கியது.

வேறு வழியின்றி, வீரர்களே பழைய இரும்புத் தகடுகளைத் தேடியெடுத்துத் தங்கள் வாகனங்களில் பொருத்திக்கொண்டனர். 2004 டிசம்பரில் குவைத்தில் நடந்த ஒரு சந்திப்பில், 'நாங்கள் ஏன் குப்பைமேடுகளில் தகடு தேட வேண்டும்?' என்ற பொருள்பட ஒரு வீரர் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டிடம் நேரடியாகவே கேட்டார்.

இந்த ஆபத்திற்குத் தீர்வு முன்பே இருந்தது. 1970களிலேயே தென்னாப்பிரிக்காவிலும் ரொடீசியாவிலும் கண்ணிவெடியைத் தாங்கும் வாகனங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றின் அடிப்பகுதி படகின் அடிப்பகுதியைப் போல் நடுவில் கூராக இருக்கும். அதனால், வெடிப்பின் விசை இரு பக்கங்களிலும் சிதறிப் போகும். ஈராக்கில் இருந்த அமெரிக்க மரீன் படையினர் 2005 பிப்ரவரியில் இத்தகைய 1,169 வாகனங்களைக் கேட்டனர். ஆயினும், 2007 மே மாதத்தில்தான் புதிய தற்காப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இவற்றிற்கு முதலிடம் கொடுத்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே 27,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் வாங்கப்பட்டன. எனவே, முதலில் குறைவாக இருந்தது ஆற்றல் அன்று, அக்கறையே ஆகும்.

இந்த வாகனங்களின் விலை அதிகம், எடையும் அதிகம், போர் விரைவில் முடிந்துவிட்டால் இவை வீணாகிவிடும் என்று சிலர் வாதிட்டனர். இவ்வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆப்கானிஸ்தானின் குறுகலான மலைப்பாதைகளில் கனமான வாகனங்கள் திணறியது உண்மைதான். அதற்காக, 2009இல் எடை குறைந்த புதிய வகை வாகனம் அங்கு அனுப்பப்பட்டது. ஒரு வாகனத்தில் குறை இருந்தால் அதைத் திருத்த வேண்டுமே தவிர, பாதுகாப்பையே தள்ளிப்போடுவது முறையாகாது.

அதே வேளையில், கவசம் மட்டுமே போதும் என்று எண்ணுவதும் தவறு. எதிரியும் ஒவ்வொரு நாளும் கற்றுக்கொள்கிறான். கைப்பேசி வழியாகக் குண்டுகள் வெடிக்க வைக்கப்பட்டபோது, அலைகளைத் தடுக்கும் கருவிகள் வந்தன. உடனே, மிதித்தால் வெடிக்கும் குண்டுகள் பெருகின. உலோகத்தைக் கண்டறியும் கருவிகள் வந்தபோது, உலோகம் மிகக் குறைவாக உள்ள குண்டுகள் புதைக்கப்பட்டன. ஆகவே, கருவிகளோடு இடைவிடாத பயிற்சியும், உளவுத் தகவலும், களத்தில் உள்ள வீரரின் சொல்லுக்கு விரைந்து செவிசாய்க்கும் நிர்வாகமும் தேவை.

இக்குறை அமெரிக்காவிற்கு மட்டும் உரியதன்று. ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் குழு, 2016இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாதுகாப்பான வாகனங்களை வழங்குவதில் ஏற்பட்ட தாமதத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அது கண்டித்தது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர். ஒரு போர் சரியா தவறா என்பதில் மக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், அனுப்பப்பட்ட வீரர் பாதுகாப்பாக வீடு திரும்ப வேண்டும் என்பதில் வேறுபாடு இருக்க முடியாது. வீரர் கேட்கும் கவசம் அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் கிடைக்க வேண்டும்.